செங்கல்லும் செங்கொடியும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

இயல், இசை, நாடகம் ஆகிய மூன்றுக்கும் ஆண்டுதோறும் இடமளித்து வரும் நம் சங்கத்தார், இம்முறை திரைப்படத்துக்கும் ஓர் இருக்கை போட்டு, அது குறித்துச் சில சொற்கள் கூறுமாறு எம்மைப் பணித்துள்ளனர். திரைப்படம் என்ற சொல்லைக் கேட்டவுடன் பாட்டும் கூத்தும் எதிர்பார்த்து முன்வரிசையில் இடம் பிடித்திருக்கும் சிறுவர்கள் எம்மைப் பொறுத்தருள வேண்டும். நாம் எடுத்துக்கொண்ட படங்களில் வாள் வீசும் வீரனும் இல்லை; மீசை முறுக்கும் வில்லனும் இல்லை. செங்கல், சுண்ணாம்பு, சிமெண்டு, அலுவலகக் கோப்பு ஆகியவையே அவற்றின் பாத்திரங்கள். ஆயினும், வாடகை வீட்டிலும் அரசாங்கக் குவார்ட்டர்ஸிலும் ஆயுளின் பெரும்பகுதியைக் கழித்துவிட்டு, ஓய்வுபெறும் தறுவாயில் நாலு சென்ட் நிலம் வாங்கி வாஸ்து பார்க்கத் தொடங்கும் நம் போன்ற குடும்பங்களுக்கு இக்கதை அயலார் கதையன்று.

வழக்கு இதுதான். எல்லோரும் சமம் என்ற கொள்கையில் எழுந்த அரசு, எல்லோருக்கும் வீடு தர விரும்புகிறது. இலட்சக்கணக்கானவர்க்குத் தரவேண்டுமாயின் விரைந்து கட்ட வேண்டும். குறைந்த செலவில் கட்ட வேண்டும். ஆதலால் ஒரே அச்சில் வார்த்துவிடுவது எளிது. கட்டடக் கலைஞனோ, "இந்த வீட்டில் யார் இருக்கப் போகிறார்கள்? அவர்கள் மீன் உலர்த்துபவரா, தறி நெய்பவரா? காற்று எத்திசையிலிருந்து வருகிறது?" என்று கேட்கிறான். அரசுக்கு அவசரம், கலைஞனுக்கு ஐயம். இருவரும் ஏழைக்காகத்தான் வாதாடுகின்றனர். இந்த வழக்கில் யார் பக்கம் நியாயம் என்று சொல்வது, தொலைவில் இருந்து பார்ப்பவர்க்குத் தோன்றும் அளவுக்கு எளிதன்று.

முதலில் ஜெர்மனிக்குச் செல்வோம். முன்பு கிழக்கு ஜெர்மனி என்று வழங்கிய நாட்டின் அரசுத் திரைப்பட நிறுவனமான டெஃபா தயாரித்து, பீட்டர் காகானே என்பவர் இயக்கி, 1990-இல் வெளிவந்த படம் ஒன்று உண்டு. 'கட்டடக் கலைஞர்கள்' என்பதே அதன் பெயர். கதைத் தலைவன் டானியல் பிரென்னர். வயது நாற்பதை நெருங்குகிறது. படிக்குங்காலத்தில் சிறந்த மாணவன். எனினும் தன் பெயர் சொல்லும் கட்டடம் ஒன்றைக்கூட இன்னும் எழுப்பியதில்லை. திடீரென ஒருநாள் அவனுக்கு வாய்ப்பு வருகிறது. பெர்லினின் புறநகரில், அடுக்குமாடிகள் மட்டுமே நிற்கும் குடியிருப்பு ஒன்றில், மக்கள் கூடிக் களிக்கவும் கடைகண்ணிக்குச் செல்லவும் ஒரு நடுவிடம் அமைக்க வேண்டும். அவன் தன் பழைய கல்லூரித் தோழர்களைத் தேடிப்பிடித்து அழைத்து வருகிறான். தொழிலையே விட்டுவிட்டுப் போனவரும் அவர்களுள் உண்டு. எல்லோருக்கும் இளமை திரும்பிவிடுகிறது. இரவு பகலாக வரைகின்றனர்.

பிறகு கோப்பு நகரத் தொடங்குகிறது. ஒவ்வொரு மேசையிலும் ஒரு கோடு அழிகிறது. இது செலவு அதிகம், அதற்குப் பொருள் இல்லை, இன்னொன்று தேவையற்றது என்று கூறிக் கூறி, முடிவில் அவர்கள் எதிர்த்து எழுந்த அந்தப் பழைய பெட்டிக் கட்டடமே வேறு பெயரில் மீள்கிறது. இதற்கிடையே மனைவி, "இங்கே வாழ்க்கை என்று ஒன்று இல்லை" என்று மனம் வெதும்பி, மகளை அழைத்துக்கொண்டு மேற்கே போய்விடுகிறாள். படத்தில் எவரும் பிரென்னரை அடிக்கவில்லை; சிறையில் இடவில்லை. எல்லா அதிகாரிகளும் நயமாகவே பேசுகின்றனர். அவன் உயிர்ச்சத்து மட்டும் சிறிது சிறிதாக வற்றிப் போகிறது. கொடுமை இப்படி மென்மையான குரலில் பேசுவதைத் திரையில் இத்தனை தெளிவாக நாம் வேறெங்கும் கண்டதில்லை.

அந்தப் படத்துக்கு நேர்ந்த கதி படத்தின் கதையினும் விசித்திரமானது. அந்த நாட்டில் இத்தகைய படத்துக்கு அனுமதி கிடைப்பதற்கே நெடுங்காலம் பிடித்தது. 1989-ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்தில் படப்பிடிப்பு நடந்துகொண்டிருக்கையிலேயே, நவம்பர் 9-ஆம் நாள் பெர்லின் மதில் திறந்துவிட்டது. எந்த அரசை நோக்கி அந்தப் படம் முறையிட்டதோ அந்த அரசே படம் முடிவதற்குள் சாய்ந்துவிட்டது. அடுத்த ஆண்டு படம் வெளிவந்தபோது திரையரங்கில் கூட்டம் இல்லை. எல்லை திறந்த மக்கள் மேற்கே வேடிக்கை பார்க்கப் போய்விட்டனர்!

அந்த அரசை நகையாடுவது எம் நோக்கமன்று. 1973-இல் அவர்கள் வகுத்த வீட்டுத் திட்டத்தின் நோக்கம், 1990-க்குள் நாட்டில் வீடில்லாக் குறையே இருக்கலாகாது என்பது. தொழிற்சாலையில் வார்த்த கான்கிரீட் பலகைகளை லாரியில் கொண்டுவந்து, பாரந்தூக்கியால் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினார்கள். போரில் சிதைந்த பழங்கட்டடத்தில், முற்றத்துக் கழிப்பிடத்துக்கு முறை வைத்துப் போய்வந்த குடும்பத்துக்கு, வெந்நீர்க் குழாயும் தனிக் குளியலறையும் உள்ள வீடு கிடைத்தபோது அது சொர்க்கமாகத்தான் தோன்றியிருக்கும். அந்த மகிழ்ச்சியைப் பொய் என்று சொல்ல நமக்கு உரிமை இல்லை. அக்குடும்பத்தின் பிள்ளைகள் வளர்ந்தபின், எந்தக் கதவு தம் வீட்டுக் கதவு என்று எண்ணைப் பார்த்தே அறிய வேண்டியிருந்தது என்பதும் பொய்யன்று.

இரண்டாவது படம் கியூபா நாட்டைப் பற்றியது. அமெரிக்கரான அலிசா நாமியாஸ், பெஞ்சமின் மர்ரி ஆகிய இருவர் எடுத்து 2011-இல் வெளியிட்ட செய்திப் படம். 'முற்றுப்பெறா வெளிகள்' என்று அதன் பெயரைத் தமிழாக்கலாம். புரட்சி வென்று ஈராண்டு ஆன பின், 1961 ஜனவரியில், பிடல் காஸ்ட்ரோவும் சே குவேராவும் அவானா நகரத்துச் செல்வர்களின் கோல்ஃப் மைதானத்துக்குப் போனார்கள். இவ்வளவு அழகிய இடத்தைச் சீமான்கள் பந்தடிப்பதற்கு விட்டுவைக்கலாமா, இங்கே ஏழைப் பிள்ளைகளுக்குக் கலைக்கல்லூரிகள் கட்டுவோம் என்று அங்கேயே முடிவாயிற்று. ரிக்கார்டோ போர்ரோ என்ற கியூபக் கலைஞரும், விட்டோரியோ கராட்டி, ராபர்ட்டோ கொட்டார்டி என்ற இத்தாலியர் இருவரும் ஐந்து கல்லூரிகளை வரைந்தனர்.

அமெரிக்கா வணிகத் தடை விதித்திருந்ததால் இரும்புக்கும் சிமெண்டுக்கும் பஞ்சம். எனவே, ஸ்பெயின் நாட்டுக் காத்தலோனியாவின் பழைய முறைப்படி, மெல்லிய செங்கல் ஓடுகளை வளைவாக ஒட்டிக் கூரை எழுப்பினர். கையில் பொருள் இல்லாததால் பிறந்த கலை அது. வளைந்து நெளியும் நடைவழிகள், குமிழ் குமிழாகக் கவிமாடங்கள், இடையில் ஓர் ஆறு. பார்க்கும்போது நம் கண்ணை நம்ப முடிவதில்லை. ஆனால் காற்றின் திசை மாறியது. ருஷ்ய நாட்டுப் பலகைக் கட்டட முறை வந்திறங்கியது. அதை வியந்தவர்கள், செங்கல் வளைவுகளை ஆடம்பரம் என்றும் தனிமனிதச் செருக்கு என்றும் தூற்றினர். 1965-இல் வேலை நின்றது. போர்ரோ பாரிஸுக்குப் போனார். கராட்டி 1974-இல் உளவாளி என்ற பழியுடன் சிறைப்பட்டு, நாட்டைவிட்டே அனுப்பப்பட்டார். கொட்டார்டி மட்டும் அங்கேயே தங்கி முதுமை எய்தினார். கராட்டி கட்டிய பாலே நடனப் பள்ளியில் எவரும் ஆடவில்லை; மரமும் கொடியும் புகுந்து குடியேறின. நாற்பது ஆண்டுகள் சென்றபின் அரசே மனம் மாறி, அவர்களை அழைத்து, பழுதுபார்க்கும்படி வேண்டியது. மூப்படைந்த மூவரும் தம் இளமையின் இடிபாடுகளுக்குள் நடந்துவரும் காட்சி, படம் முடிந்த பின்னும் கண்ணைவிட்டு அகலுவதில்லை. போர்ரோ 2014-இலும், கொட்டார்டி 2017-இலும், கராட்டி 2023-இலும் மறைந்தனர்.

பெர்லினும் அவானாவும் கேட்டாயிற்று. நாம் வாழும் அனந்தபுரியில் இவ்வழக்கு நடந்ததா என்று நீங்கள் கேட்கலாம். நடந்தது, அதனால்தான் இவ்வளவு தொலைவு சுற்றி வந்தோம். கேரளம் இந்திய ஒன்றியத்தின் ஒரு மாநிலமே. அதைச் சோஷலிஸ நாடு என்று அழைப்பது பொருந்தாது. எனினும் 1957 ஏப்ரலில் தேர்தல் வழியாகவே பொதுவுடைமைக் கட்சியை ஆட்சியில் அமர்த்திய மாநிலம் இது. 1969 முதல் 1977 வரை, இடையில் சில வாரங்கள் நீங்கலாக, முதலமைச்சராக இருந்த சி. அச்சுத மேனோன் அவர்களும் அக்கொள்கை வழி வந்தவரே. அவர் ஆட்சி தொடங்கிய காலத்தில்தான் லாரி பேக்கர் என்ற ஆங்கிலேயக் கட்டடக் கலைஞர் திருவனந்தபுரத்துக்குக் குடிவந்தார். அவர் வாழ்வைப் பற்றி அவருடைய பேரன் வினீத் ராதாகிருஷ்ணன் எடுத்து 2017-இல் வெளியிட்ட படமே நாம் சொல்லவந்த மூன்றாவது படம். 'அன்காமன் சென்ஸ்' என்பது அதன் பெயர்.

பேக்கர் 1917-இல் பர்மிங்காம் நகரில் பிறந்தவர். அங்கேயே கட்டடக்கலை பயின்று, போர்க்காலத்தில் மருத்துவத் தொண்டர் படையுடன் சீனத்துக்குச் சென்று, தொழுநோயாளர்க்குப் பணி செய்தார். ஊர் திரும்பும் வழியில் பம்பாயில் கப்பலுக்காகக் காத்திருந்த நாட்களில் காந்தியடிகளைச் சந்தித்தார். வீடு கட்டத் தேவையான பொருள்கள் ஐந்து மைல் சுற்றளவுக்குள் கிடைப்பனவாக இருக்கவேண்டும் என்று அடிகள் சொன்னதை, அவர் பிற்காலத்தில் எவ்வளவோ முறை நினைவுகூர்ந்தார். மீண்டும் இந்தியா வந்து, கேரளத்து மருத்துவர் எலிசபெத் அம்மையாரை 1948-இல் மணந்து, இமயமலைச் சாரலில் பித்தோராகடில் பதினாறு ஆண்டுகள் மருத்துவமனை நடத்தினர். பின்பு வாகமண், அதன்பின் நம் ஊர். நாலாஞ்சிறைக் குன்றில் பாறைச் சரிவை ஒட்டி அவர் கட்டிக்கொண்ட இல்லத்தை நம்மில் சிலர் பார்த்திருக்கலாம். முறைப்படி இந்தியக் குடியுரிமை பெற்று, 1990-இல் பத்மஸ்ரீ விருது ஏற்று, 2007 ஏப்ரல் முதல் நாள் இங்கேயே கண்மூடினார்.

அவர் கட்டும் முறையைச் சிறிது விளக்க வேண்டும். வீடு கட்டப் போகிறவர்கள் காதைத் தீட்டிக்கொள்க. செங்கல்லைப் படுக்கவைத்துக் கட்டுவது நம் வழக்கம். அவர் அதைச் சாய்த்து விளிம்பில் நிறுத்தி, இரு வரிசைகளுக்கு நடுவே வெற்றிடம் விட்டுக் கட்டுவார். எலிப்பொறிக் கட்டு என்று இதற்குப் பெயர். ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு செங்கல் மிச்சம். நடுவிலுள்ள காற்று வெயிலின் வெப்பத்தையும் தடுக்கும். கூரை வார்க்கும்போது, கான்கிரீட்டின் கீழ்ப்பகுதியில் பாரம் தாங்கும் வேலை ஏதும் இல்லாத இடங்களில், பழைய மங்களூர் ஓடுகளைப் பதித்துவிடுவார்; அவ்வளவு சிமெண்டும் குறையும், பாரமும் குறையும். சன்னலுக்குப் பதில் செங்கற்களை இடைவெளி விட்டு அடுக்கித் துளைச்சுவர் எழுப்புவார். காற்று வரும், வெளிச்சம் வரும், திருடன் வரமாட்டான். பத்மநாபபுரம் அரண்மனையின் மரச்சாளரங்களை அறிந்த நம்மவர்க்கு இது புதிதன்று. மரத்தில் கண்டதைச் செங்கல்லில் காண்கிறோம். சுவருக்குப் பூச்சு இல்லை. மரத்தை வெட்டுவதில்லை, மரம் நிற்குமிடத்தில் சுவர்தான் வளைந்து போகும். ஒரு பக்கம் அச்சிட்ட பழந்தாளின் மறுபக்கத்தில் படம் வரைவார். நாள் முழுவதும் கொத்தனாருடன் களத்தில் நிற்பார்.

இதில் அரசுடன் போராட்டம் எங்கே வந்தது என்றால், நம் முன்னோர் மராமத்து என்று அழைத்த பொதுப்பணித் துறையின் கணக்குப் புத்தகத்தில் வந்தது. அரசுக் கட்டடம் என்றால் ஒவ்வொரு வேலைக்கும் விலை விகிதப் பட்டியல் உண்டு; அளவுப் புத்தகம் உண்டு; டெண்டர் உண்டு. பட்டியலில் இல்லாத வேலைக்கு எந்தப் பொறியாளரும் பில் எழுத இயலாது. விளிம்பில் நிற்கும் செங்கல்லையும், மரத்தைச் சுற்றி வளையும் சுவரையும் எந்த இனத்தில் சேர்ப்பது? இது நிற்குமா, மழையில் கரையாதா என்ற ஐயமும் பொறியாளர்க்கு இருந்தது. நம் சங்கத்திலும் ஓய்வுபெற்ற பொறியாளர்கள் இருக்கிறார்கள். அவர்கள் புருவம் உயர்வதை இங்கிருந்தே காண்கிறோம். அவர்களைக் குறை கூறவில்லை. கட்டடம் இடிந்தால் கையெழுத்திட்டவன்தானே பதில் சொல்ல வேண்டும்? பெர்லின் படத்தில் கோடுகளை அழித்த கைகளும் இப்படி அஞ்சிய கைகளே.

ஆனால் இங்கே கதை வேறு திசையில் திரும்பியது. திட்டக் குழுவிலும் தில்லிப் பல்கலைக்கழகத்திலும் பெயர் பெற்ற பொருளியலறிஞர் கே. என். ராஜ் அவர்கள், அச்சுத மேனோனின் ஆதரவுடன், வளர்ச்சி ஆய்வு மையம் என்ற நிறுவனத்தை இந்நகரில் தொடங்கினார். உள்ளூருக்கு அருகே குன்றின்மேல் அதன் கட்டடங்களைக் கட்டும் பொறுப்பு பேக்கரிடம் வந்தது. வறுமையைப் பற்றி ஆராயப் போகிறவர்கள் ஆடம்பரமான கட்டடத்தில் அமர்வது முறையன்று என்பது ராஜ் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. நூலகக் கோபுரம் வட்டமாக உயர்ந்தது. அதைச் சூழ்ந்து, குன்றின் ஏற்ற இறக்கத்தைச் சற்றும் சமன் செய்யாமல், வகுப்பறைகளும் விடுதிகளும் தவழ்ந்தன. நண்பகலில் அந்த நடைவழிகளில் நின்று பார்க்க வேண்டும். துளைச்சுவர் வழியே வரும் வெயில் தரையில் கோலம் போட்டிருக்கும். மின்விசிறி இல்லாமலே காற்று நடமாடும். அவானாவில் பாதியில் நின்றுபோன செங்கல் வளைவுகளுக்கு, அவற்றை ஒருபோதும் காணாத தங்கை ஒருத்தி நம் ஊரில் பிறந்து நன்றாக வாழ்கிறாள் என்று எமக்குத் தோன்றுவதுண்டு.

இங்கேதான் ஒரு செய்தியைக் கூர்ந்து நோக்க வேண்டும். உள்ளூர்க் குன்றில் இவ்வேலை நடந்த அதே காலத்தில், அதே அமைச்சரவை, 1972-இல் 'இலட்சம் வீடு' திட்டத்தைத் தொடங்கியது. வீட்டுவசதி அமைச்சர் எம். என். கோவிந்தன் நாயர் அதன் உயிர்நாடி. நிலச்சீர்திருத்தச் சட்டத்தால் குடிகிடப்புரிமை பெற்றவர்கள் போக, ஒருபிடி மண்ணும் இல்லாத தொழிலாளர்க்காகப் பஞ்சாயத்து ஒன்றுக்கு 100 வீடுகள் என்பது திட்டம். ஊரார் பொருளும் மாணவர் உழைப்பும் சேர்ந்தன. எத்துணை உயர்ந்த நோக்கம்! ஆனால் வரைபடம் மட்டும் ஒன்றே. மலைநாட்டிலும் அதுவே, காயற்கரையிலும் அதுவே. நடுவில் ஒரு சுவர். அதற்கு இருபுறமும் இரு குடும்பங்கள். சுவருக்கு யார் சுண்ணாம்பு பூசுவது, கூரை ஒழுகினால் யார் ஓடு மாற்றுவது என்ற பூசல்கள் பல இடங்களில் தலைமுறை கடந்தன. இரட்டை வீட்டைப் பிரித்துத் தனி வீடாக்கப் பின்வந்த அரசுகள் வேறு திட்டம் வகுக்க நேர்ந்தது. அதனினும் வருந்தத்தக்கது, 'இலட்சம் வீடு' என்ற அப்பெயரே பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை ஏளனம் செய்யும் சொல்லாகிவிட்டது. தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் வாழும் இடங்களுக்குக் 'காலனி' என்ற பெயர் இனி வேண்டா என்று 2024 ஜூன் மாதத்தில் கேரள அரசு ஆணை பிறப்பித்தபோது, நம் குடியிருப்பைக் காலனி என்று சொல்லிப் பழகிய நமக்கு அது விந்தையாக இருந்தது. நமக்கு முகவரியாக இருக்கும் சொல் இன்னொருவர்க்கு வடுவாக இருக்கக்கூடும் என்று நாம் எண்ணிப் பார்த்ததில்லை.

அறிஞர்க்கு எழுந்த கட்டடத்தில் கலை இடம்பெற்றது. கூலியாளுக்கு எழுந்த வீட்டில் அச்சு இடம்பெற்றது. இரண்டையும் தந்தது ஒரே அமைச்சரவை. அச்சுத மேனோன் போன்ற நல்லார் தலைமையிலேயே இப்படி நேர்ந்தது என்றால், இதனை எவரோ ஒருவரின் தீய எண்ணம் என்று தள்ளிவிட இயலாது. பேக்கரோ, ஏழைக்கும் அழகு வேண்டும் என்பதில் உறுதியாக நின்றார். 1970-களின் நடுவில் பூந்துறை மீனவர்க்கு அவர் வகுத்த வீடுகள் நேர்வரிசையில் இல்லை. கடற்காற்று பின்வீட்டுக்கும் கிடைக்கும்படி ஒன்றுவிட்டு ஒன்று தள்ளி நின்றன. நம் வலியசாலை, கரமனை அக்கிரகாரங்களில் வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டி நிற்பினும், திண்ணையும் கோலமும் வீட்டுக்கு வீடு வேறுபட்டன அல்லவா? வரிசையாக இருப்பதால் மட்டும் வீடுகள் ஒன்றுபோல் ஆகவேண்டியதில்லை.

ஆட்சி பொறுப்பிலிருந்து விலகியபின், அச்சுத மேனோன் அவர்கள் இந்த வேலையை விடவில்லை. 1985-இல் திருச்சூரில், ராஜ், பேக்கர், டி. ஆர். சந்திரதத் ஆகியோருடன் 'காஸ்ட்ஃபோர்டு' என்ற அமைப்பை நிறுவி, அதன் தலைவரானார். அமைச்சராக இருந்து செய்ய முடியாததை வெளியே வந்து செய்ய முனைந்தார் என்று நாம் பொருள்கொள்கிறோம். அதே காலத்தில் கொல்லத்தில் தொடங்கிய நிர்மிதி கேந்திரம் என்ற அமைப்பு, இம்முறையில் கொத்தனார்களைப் பயிற்றுவித்தது. சாலைக் கடைத்தெருவுக்கு அருகே கரிமடத்தில், குடிசைகள் இருந்த இடத்தில், காஸ்ட்ஃபோர்டார் எழுப்பிய செங்கல் வீடுகளை இன்றும் காணலாம். அங்கும், 'செங்கற்சூளை' என்று தமிழ்ப்பெயரே தாங்கிய தம்பானூர்க் குடியிருப்பிலும், பிழைப்புத் தேடித் தெற்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் வந்த நம் மக்கள் உண்டு. சங்கத்தின் ஆண்டு விழாக்களுக்கு அவர்களை அழைக்கும் வழக்கம் நமக்கு இல்லை என்பதையும் போகிற போக்கில் சொல்லிவைக்கிறோம்.

பேக்கர் அரசு ஊழியராக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இளைஞர் ஒருவர் எம்மைக் கேட்டார். பிரென்னர் ஆகியிருப்பார் என்பதே எம் மறுமொழி. அவரைக் காத்தவை இரண்டு. ஒன்று, கோப்பை ஒதுக்கிவிட்டு மனிதரை நம்பக்கூடிய முதலமைச்சரும் ஓர் அறிஞரும். மற்றொன்று, அவர் வரைபவராக மட்டும் நில்லாமல், தாமே கொத்தனார்களை வைத்துக் கட்டிக் கொடுப்பவராகவும் இருந்தது. செலவின் மீது நூற்றுக்கு இவ்வளவு என்று கட்டணம் வாங்குகிறவருக்குச் செலவைக் குறைப்பது தம் கூலியைத் தாமே குறைப்பதாகும். அவருக்கு அந்த நெருக்கடி இல்லை. போர்ரோவுக்கும் தோழர்களுக்கும் அரசு ஒன்றே புரவலர். அது முகம் திருப்பியவுடன் அவர்களுக்கு நிற்க நிழல் இல்லை. பேக்கருக்கு அரசு கைகொடுத்தபோதும், ஆயிரம் சிறு குடும்பங்கள் தனித்தனியே வந்து வீடு கட்டித் தருமாறு கேட்டன. அந்தக் குடும்பங்களையும் நாம் புரவலர் என்றே கொள்ள வேண்டும்.

ஆனாலும் அவர் முழு வெற்றி பெற்றார் என்று சொன்னால் அது முகமனாகும். அவருக்கு விருது தந்தார்கள். அவர் முறையைப் பட்டியலுக்குள் தயக்கத்துடனேயே ஏற்றார்கள். இதில் அரசை மட்டும் குற்றம் சாட்ட நமக்கு வாய் இல்லை. பூச்சு இல்லாத சுவரைக் கண்டால், "பணம் தீர்ந்துவிட்டதோ?" என்று கேட்பவர்கள் நம் உறவினர்களே. "பூசாத வீட்டுக்கு யார் பெண் கொடுப்பார்கள்?" என்று கேட்கும் தாய்மார்களும் இந்த அவையில் இருக்கிறார்கள். இன்று 'லைஃப்' திட்டத்தில் அரசு தரும் நான்கு இலட்சம் ரூபாயைக் கொண்டு, நிலம் உள்ள ஏழை தன் வீட்டைத் தானே கட்டிக்கொள்ளலாம். ஒரே அச்சு என்ற கட்டாயம் தளர்ந்துவிட்டது. எனினும் பெரும்பாலானோர் கட்டுவது, பக்கத்துப் பணக்காரர் வீட்டின் சிறிய நகலைத்தான். அதிகாரி அழித்த கோட்டை இப்போது நாமே அழித்துக்கொள்கிறோம்.

திரைப்படத்துக்கும் இவருக்கும் வேறொரு தொடர்பும் உண்டு. அடூர் கோபாலகிருஷ்ணனும் நண்பர்களும் 1965-இல் தொடங்கிய சித்ரலேகா திரைப்படச் சங்கத்திலிருந்து கூட்டுறவுத் தயாரிப்பு நிறுவனம் ஒன்று எழுந்து, 1972-இல் 'சுயம்வரம்' என்ற படத்தை அளித்தது. தமக்கென்று ஆக்குளத்தில் அவர்கள் ஸ்டூடியோ அமைத்தபோது, அதைக் கட்டித் தந்தவரும் பேக்கரே. ஒலிப்பதிவுக் கூடத்தின் சுவர்களைச் சாய்த்தும் வளைத்தும் கட்டுவது, நேர்ச்சுவரில் நம்பிக்கை இழந்தவர்க்குக் கடினமான வேலையா என்ன?

தம்பானூரில், புகைவண்டி நிலையத்துக்கு எதிரே, சிவந்த கோபுரம்போல் சுருண்டு நிற்கும் இந்தியக் காபி ஹவுஸை அறியாதவர் இவ்வவையில் இரார். அதுவும் அவர் கைவண்ணம். உள்ளே படிக்கட்டு இல்லை. தரையே மெல்ல மெல்லச் சுற்றி ஏறுகிறது. மேசையும் இருக்கையும் கட்டடத்தோடு கட்டடமாக அமைந்தவை. சற்றே இடுங்கலாக இருக்கிறது என்று பருத்த உடலினர் குறைபட்டுக்கொள்வதும் உண்மைதான். அதை நடத்துபவர்கள் தொழிலாளர்களே. 1957-இல் காபி வாரியம் தன் காபிக் கடைகளை மூடி ஊழியரைத் தெருவில் விட்டபோது, ஏ. கே. கோபாலன் அவர்கள் முன்னின்று கூட்டுறவுச் சங்கங்கள் அமைத்தார். கேரளத்தின் முதற் கடை 1958-இல் திருச்சூரில் திறந்தது. விசிறித் தலைப்பாகை அணிந்த பரிசாரகரே அங்கு முதலாளியும் ஆவார்.

நம் சங்கக் கூடத்தில் இம்மூன்று படங்களையும் ஒரு ஞாயிறன்று அடுத்தடுத்துத் திரையிடலாம் என்று செயலாளர் இசைந்துள்ளார். வசனம் அயல்மொழி ஆதலின், இடையிடையே தமிழில் கதை சொல்ல நம் இளைஞர் இருவர் முன்வந்துள்ளனர். பூச்சு இல்லாத சுவரை வெறுக்கும் தாய்மார்கள் தவறாமல் வரவேண்டும். அவர்கள் தரப்பையும் கேட்க விரும்புகிறோம். படம் முடிந்தபின் நாம் எல்லோரும் தம்பானூருக்கு நடந்தே போகலாம். மேற்சுற்றில் இடம் பிடிக்க வேண்டுமாயின், மாலை ஐந்து மணிக்குள் போய்ச்சேர வேண்டும்.